சமாரியா மலையிடுக்கு: ஒரு பகல் நடைக்குத் திட்டமிடும் முறை

நம் ஊரில் மலைக்குப் போனால் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம். வெள்ளியங்கிரி ஆனாலும் பர்வதமலை ஆனாலும், முடியவில்லை என்றால் பாதியில் திரும்பி இறங்கிவிடலாம். கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் இருக்கும் சமாரியா மலையிடுக்கில் இந்தக் கணக்கு தலைகீழ். காலையில் சுமார் 1,230 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 16 கிலோமீட்டர் இறங்கி, பிற்பகலில் கடற்கரைக்கு வந்து சேர்வீர்கள். பாதியில் முடியாமல் போனால் திரும்புகிற வழி முழுக்க ஏற்றம். நடந்து முடித்தால் எதிரே லிபியக் கடல். அங்கே அகியா ரூமேலி என்ற சிற்றூர் இருக்கிறது. அந்த ஊருக்குச் சாலை கிடையாது, படகில்தான் வெளியே வர வேண்டும்.

ஆகவே மாலைப் படகை முதலில் பிடித்துவைத்துக்கொண்டு, அங்கிருந்து காலையை நோக்கிப் பின்னால் திட்டமிட்டு வாருங்கள். உடலைத் தயார் செய்வதிலும் அதே புத்திதான்: மூச்சைவிட முழங்காலையும் தொடையையும் முதலில் கவனியுங்கள். இந்த நடையில் சிரமப்படுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்றைக் கோட்டைவிட்டவர்கள்தான்.

இதை நடுத்தரக் கடினம் என்று வகைப்படுத்துவது நியாயமே. வழி ஒன்றுதான், தவற வாய்ப்பு குறைவு. கயிறு பிடித்து ஏறுகிற இடம் எதுவும் இல்லை. குடிநீர் ஊற்றுகள் வழியிலேயே இருக்கின்றன. ஆனால் 16 கிலோமீட்டர் என்பது கிட்டத்தட்ட 26 ஆயிரம் காலடிகள். அத்தனையும் கல்லின் மேல்.

இடமும் வழியும்

கிரீட்டின் மேற்குப் பகுதியில் வெள்ளை மலைகள் எனப்படும் லெஃப்கா ஓரி தொடர் இருக்கிறது. அதன் தெற்குச் சரிவைச் சுண்ணாம்புப் பாறையோடு சேர்த்து ஓர் ஆறு அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. அந்த அறுப்புதான் சமாரியா. 1962இல் இதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். உள்ளே இருந்த சமாரியா என்ற சின்னக் கிராமத்து மக்கள் அப்போது வெளியேற்றப்பட்டார்கள், கல் வீடுகள் மட்டும் இன்னும் நிற்கின்றன.

தங்குவதற்கு வசதியான ஊர் வடகரையிலுள்ள சானியா. ஆங்கில எழுத்தைப் பார்த்து இப்படிச் சொல்கிறோமே தவிர, ஊர்க்காரர்கள் வாயில் அது ‘ஹன்யா’. பேருந்து நிலையத்தில் வழி கேட்கும்போது இது உதவும். அங்கிருந்து சுமார் 42 கிலோமீட்டர் தெற்கே, ஓமலோஸ் சமவெளியைத் தாண்டி, சாலை முடிகிற இடம் க்சிலோஸ்கலோ. மரப்படி என்று பொருள். நடை அங்கேதான் தொடங்குகிறது.

க்சிலோஸ்கலோவிலிருந்து பூங்காவின் கீழ் வாசல் வரை 13 கிலோமீட்டர். அதற்குப் பிறகு வெயிலில் இன்னும் 3 கிலோமீட்டர் நடந்தால் அகியா ரூமேலி. பலர் 13 என்று படித்துவிட்டு வந்து அந்த மூன்றில் நொந்துபோகிறார்கள். கீழ் வாசலிலிருந்து ஊர் வரை சிறு வண்டி ஓடும், காசு கொடுத்து ஏறிக்கொள்ளலாம். கால் போயிருந்தால் கூச்சப்படாமல் ஏறுங்கள்.

உயரம் எப்படிக் குறைகிறது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். முதல் 4 கிலோமீட்டரிலேயே 550 முதல் 600 மீட்டர் இறங்கிவிடுவீர்கள். அதாவது தூரத்தில் கால்பங்கு முடியும்போது இறக்கத்தில் பாதி முடிந்துவிடும். மிச்சம் 12 கிலோமீட்டர் மெதுவான சரிவு, ஆனால் ஆற்றுக் கற்கள். முதல் பகுதியில் முழங்கால் கெட்டால், இரண்டாம் பகுதி முழுவதும் கெட்ட முழங்காலோடுதான்.

எந்த மாதம்

பூங்கா வழக்கமாக மே 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும். குளிர்காலத்தில் ஆறு முழு அகலத்துக்கும் ஓடும் என்பதால் மூடிவிடுவார்கள். பருவத்துக்குள்ளும் மழை, கடும் வெப்பம், காட்டுத்தீ அபாயம் என்று ஏதாவது ஒரு காரணத்தால் திடீரென்று ஒருநாள் மூடக்கூடும். ஆகவே சானியாவில் இரண்டு மூன்று நாள் இருப்பதுபோல் பயணத்தை வைத்துக்கொண்டு, அதில் ஒருநாளை நடைக்கு ஒதுக்குங்கள். ஒரே ஒரு நாளை மட்டும் நம்பி வந்தால், வாசல் மூடியிருந்தால் கதை முடிந்தது.

மே மாதத்தில் பனி உருகிய நீர் ஓடும், பூக்கள் இருக்கும், ஆற்றைக் கடக்கிற இடங்களில் கல் ஈரமாக வழுக்கும். ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் வற்றிப் பாதை சுலபமாகும், ஆனால் கீழ்ப்பகுதியில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும், கூட்டமும் அதிகம். அக்டோபரில் வெயில் தணியும், மழை எட்டிப்பார்க்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு ஜூன் தொடக்கமோ செப்டம்பர் பிற்பாதியோ சரி. சென்னை வெயிலில் வளர்ந்தவன், எனக்கென்ன என்று ஆகஸ்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நம் ஊரில் மதிய வெயிலில் ஆறு மணி நேரம் யாரும் நடப்பதில்லை. இங்கே பாறைச் சுவரும் சேர்ந்து அனலைத் திருப்பி அடிக்கும்.

படகிலிருந்து பின்னோக்கி

அகியா ரூமேலியிலிருந்து மாலைப் படகுகள் கிழக்கே ஹோரா ஸ்ஃபாக்கியோனுக்கும் மேற்கே சூயாவுக்கும் போகும். ஹோரா ஸ்ஃபாக்கியோனுக்குச் சுமார் 1 மணி நேரம், சூயாவுக்கு அதைவிடக் குறைவு. கோடைப் பருவத்தில் கடைசிப் படகு பெரும்பாலும் மாலை 5:30ஐ ஒட்டி இருக்கும். அது கரை சேர்ந்ததும் சானியா பேருந்து அங்கே காத்திருக்கும். நேரங்கள் மாதத்துக்கு மாதம் மாறுவதால், முந்தின நாள் சானியா பேருந்து நிலையத்திலேயே படகு நேரம், பேருந்து நேரம் இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போக, வர சேர்த்தே பேருந்துச் சீட்டு தருவார்கள். எந்த ஊர் வழியாகத் திரும்புகிற சீட்டு என்பதைக் கவனியுங்கள். ஸ்ஃபாக்கியோன் சீட்டை வைத்துக்கொண்டு சூயா படகில் ஏறிவிடுகிறவர்கள் உண்டு.

5:30 படகை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால், நிதானமாக நடக்கிற ஒருவரின் நாள் இப்படி அமையும்:

1. பிற்பகல் 3:00 — அகியா ரூமேலியில் இருக்க வேண்டும். இரண்டரை மணி நேரம் கையில் இருப்பு. இதைச் செலவழிக்கத் திட்டம் போடாதீர்கள், இது தவறுகளுக்கான இருப்பு.
2. 2:00 — பூங்காவின் கீழ் வாசல், 13ஆவது கிலோமீட்டர்.
3. 1:00 — இரும்பு வாசல் எனப்படும் குறுகல், சுமார் 11ஆவது கிலோமீட்டர்.
4. 11:30 — சமாரியா கிராமத்திலிருந்து கிளம்ப வேண்டும். 11 மணிக்கு அங்கே வந்து அரை மணி ஓய்வு.
5. 9:30 — புனித நிக்கோலஸ் சிறு தேவாலயம், சுமார் 4ஆவது கிலோமீட்டர்.
6. 7:45 — க்சிலோஸ்கலோவில் முதல் படி.

இதில் நடைக்கும் ஓய்வுக்கும் சேர்த்து ஏழேகால் மணி நேரம் போட்டிருக்கிறோம். பழக்கமுள்ளவர்கள் ஐந்து மணி நேரத்தில் முடிப்பார்கள். புதியவர்கள் அந்த ஐந்தைப் பார்த்துத் திட்டமிடக் கூடாது. குழுவில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய வேகம்தான் குழுவின் வேகம்.

க்சிலோஸ்கலோவை எட்டே முக்காலுக்குப் பிறகு அடைகிற மாதிரி இருந்தால் அன்று போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வாசலில் உள்ளே விடுவார்கள். ஆனால் கடைசி 5 கிலோமீட்டரை உச்சி வெயிலில், கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டிவரும். கால் இடறுவது அந்த அவசரத்தில்தான். பிற்பகலில் வந்தால் முழு வழிக்கும் விடமாட்டார்கள், மேல் முனையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பத்தான் அனுமதி.

வாடகைக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிக்கல். க்சிலோஸ்கலோவில் காரை விட்டால், மாலையில் நீங்கள் தீவின் தென்கரையில் இருப்பீர்கள், கார் மலை உச்சியில் இருக்கும். அதனால் காரைச் சூயாவில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து காலைப் பேருந்திலோ டாக்சியிலோ ஓமலோஸ் ஏறுங்கள். மாலையில் படகு உங்களைச் சூயாவிலேயே கொண்டுவந்து இறக்கும். இதைவிட எளிது, காரை மறந்துவிட்டுப் பேருந்தில் போவது.

கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடந்தால் அன்றிரவு அகியா ரூமேலியில்தான். அங்கே தங்கும் அறைகள் உண்டு. அன்றாடம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒருநாள் மாத்திரை கூடுதலாகப் பையில் வைத்திருங்கள். ஒருவருக்கு ஓர் அறை வாடகையும் இரண்டு வேளைச் சாப்பாடும் வருகிற அளவுக்கு யூரோ நோட்டு தனியாக இருக்கட்டும். மறுநாள் காலை விமானம் பிடிக்கிற மாதிரி பயணத்தை அமைக்கவே அமைக்காதீர்கள்.

ஆறு வாரம் முன்பிருந்து

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது, வண்டிக்குப் பிரேக் போடுவதுபோல. நீண்டுகொண்டே தாங்கும் வேலைதான் தசை நாரை அதிகம் கிழிக்கும். இறங்கும்போது மூச்சு வாங்காது, வியர்வையும் குறைவு, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றும். மூன்றாவது மணி நேரத்தில் தொடை நடுங்கும்போதுதான் தெரியும். தொடை களைத்தால் பிரேக் விட்டுப்போகிறது, ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் நேராக முழங்கால் மூட்டுக்குப் போகிறது.

இதற்கு ஓட்டப் பயிற்சி போதாது, இறங்கித்தான் பழக வேண்டும். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்றால் இந்த மலையின் மொத்த இறக்கம் 400 மாடிக்கும் மேல். வாரம் மூன்று நாள், லிஃப்டில் ஏறி மாடிப்படியில் இறங்குங்கள். முதல் வாரம் 20 மாடி. ஆறாவது வாரம் ஒரே தடவையில் 80 முதல் 100 மாடி வரை கொண்டுவந்தால் போதும். வீட்டில் மாடி இல்லாதவர்களுக்கு, ஒரு படியில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும் வரை மூன்று எண்ணி மெதுவாக இறக்கி, மறுபடி நிமிர்வது. ஒரு காலுக்கு 12 முறை, மூன்று சுற்று. மூட்டில் குத்துவலி வந்தால் நிறுத்துங்கள், தொடை எரிந்தால் தொடருங்கள். வாரக் கடைசியில் ஒருமுறையாவது அதே காலணி, அதே பையோடு மூன்று மணி நேரம் நடந்து பாருங்கள். பழைய மூட்டுவலி, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சீட்டு எடுக்க வேண்டாம்.

காலணி

பாதை முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஆண்டாண்டாக லட்சக்கணக்கான கால்கள் பட்டுத் தேய்ந்து, மேல்பகுதியில் சில கற்கள் மொசைக் தரை போல மினுக்கும். காய்ந்திருந்தாலே வழுக்கும். அதனால் அடிப்பாகத்தில் ஆழமான வெட்டுகள் உள்ள ட்ரெக்கிங் ஷூதான் வேண்டும். செருப்பும், அடி தேய்ந்த ஓட்ட ஷூவும் வேண்டாம். கணுக்காலை மூடும் உயரமான பூட்ஸ் கட்டாயமில்லை. புது ஷூ என்றால் குறைந்தது 40 கிலோமீட்டராவது நடந்து பழக்கியிருக்க வேண்டும்.

இறக்கத்தில் பாதம் ஷூவுக்குள் முன்னால் நழுவி, பெருவிரல் நகம் முனையில் இடித்துக்கொண்டே வரும். ஆயிரம் அடியில் ஒன்றும் தெரியாது. இருபதாயிரம் அடியில் நகம் கறுத்து, சில வாரத்தில் கழன்று விழும். தடுக்க மூன்று வேலை. ஒன்று, ஷூவின் முனையில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இரண்டு, நடைக்கு இரண்டு நாள் முன்பு நகத்தை நேராக வெட்டிவிடுங்கள். அன்று காலை வெட்டினால் ஓரம் உறுத்தும். மூன்றாவது நாடா கட்டுகிற விதம், அதைச் சற்று விளக்க வேண்டும்.

ஷூவின் மேல் வரிசையில் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு ஓட்டைகள் இருக்கும். பெரும்பாலானோர் கடைசி ஓட்டையை விட்டுவிடுவார்கள். நாடாவைக் குறுக்கே கொண்டுபோகாமல், அதே பக்கத்துக் கடைசி ஓட்டைக்குள் விட்டு ஒரு சிறு வளையம் உண்டாக்குங்கள். மறுபக்கமும் அப்படியே. இப்போது இடது நாடாவின் நுனியை வலது வளையத்துக்குள்ளும், வலது நுனியை இடது வளையத்துக்குள்ளும் நுழைத்து, குதிகாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பின்னால் தள்ளிவைத்துக்கொண்டு, இரண்டையும் இழுத்துக் கட்டுங்கள். கணுக்காலுக்குக் கீழே இறுக்கமாகவும், விரல் பக்கம் தளர்வாகவும் இருக்கும். குதிகால் அசையாது, விரல் முன்னால் போகாது. இதை க்சிலோஸ்கலோ வாசலில், முதல் படிக்கு முன்பே செய்துகொள்ளுங்கள்.

இரண்டு ட்ரெக்கிங் கம்புகள் இருந்தால் முழங்காலுக்குப் பெரிய உதவி. சமதளத்தில் முழங்கை மடங்குகிற உயரத்துக்கு வைப்போம், இறக்கத்துக்கு அதைவிட 5 சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள். கம்பை முன்னால் ஊன்றிவிட்டுப் பிறகு காலை இறக்க வேண்டும். மூங்கில் தடியோடு வெள்ளியங்கிரி இறங்கியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பையும் சாப்பாடும்

15 முதல் 20 லிட்டர் பை போதும், தண்ணீரோடு சேர்த்து 5 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு. வழியில் ஊற்றுகள் இருப்பதால் எல்லாவற்றையும் மேலிருந்தே சுமக்க வேண்டாம். மணிக்கு அரை லிட்டர் குடியுங்கள், வெயிலில் முக்கால். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் உப்புக் குறைந்து தலைவலியும் தசைப்பிடிப்பும் வரும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு போதும்.

பூங்காவின் இரண்டு வாசல்களுக்கு இடையே எதுவும் வாங்கிச் சாப்பிட முடியாது. தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும். சமையல் வசதியுள்ள அறையில் தங்கியிருந்தால் புளிசாதம் கட்டிக்கொண்டு போகலாம், மதியம் வரை தாங்கும். இல்லையென்றால் சானியா பேக்கரிகளில் காலையிலேயே கிடைக்கிற பாலாடைக்கட்டி, கீரை வைத்துச் சுட்ட பண்டங்கள் நல்லவை. இதோடு வேர்க்கடலை, பேரீச்சம்பழம், வாழைப்பழம். ஒரே தடவையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இறங்குவது சிரமம், மணிக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி என்று வையுங்கள்.

மே மாதமானால் காலையில் மேலே நன்றாகக் குளிரும், மெல்லிய ஜாக்கெட் தேவை. ஒரு மணி நேரத்தில் அதைக் கழற்றிவிடுவீர்கள். பெரிய விளிம்புள்ள தொப்பி, வெயில் களிம்பு, கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர், கணுக்காலுக்கு ஒரு கிரேப் பேண்டேஜ், ஒரு விசில், கடலில் குளிக்க மாற்றுடை, ரப்பர் செருப்பு. செருப்பு எதற்கு என்பது கடைசியில் தெரியும்.

இறங்கத் தொடங்கியதும்

வாசலில் தருகிற சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கீழ் வாசலில் திரும்பக் கேட்பார்கள். உள்ளே யாரும் தங்கிவிடவில்லை என்று சரிபார்க்க அதுவும் ஒரு வழி.

முதல் பகுதியில் மரக்கட்டைகளால் கைப்பிடி போட்ட படிகளும், வளைந்து வளைந்து இறங்கும் கல் பாதையும். காலைக் குளிரில், புது உற்சாகத்தில் எல்லோரும் இங்கே வேகமாக ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். அடி சிறிதாக இருக்கட்டும். முழங்காலை எப்போதும் லேசாக மடக்கியே வையுங்கள், விறைத்த காலோடு இறங்கினால் மூட்டு வாங்கிக்கொள்ளும். உயரமான படி என்றால் நேராகக் குதிக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். போட்டோ எடுக்க வேண்டுமானால் நின்று எடுங்கள். நடந்துகொண்டே போனைப் பார்ப்பதுதான் கணுக்கால் பிசகுவதற்குப் பெரிய காரணம்.

ஏறத்தாழ 1.7 கிலோமீட்டரில் நெரூட்ஸிகோ என்ற முதல் ஊற்று. அங்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஒவ்வொருவரும் தன் முழங்காலைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இப்போதே மூட்டில் வலி இருந்தால் அவர் திரும்ப வேண்டிய இடம் இதுதான், துணைக்கு ஒருவரும் கூடப் போகட்டும். இங்கிருந்து மேலே ஏறுவது ஒரு மணி நேர வேலை. நிக்கோலஸ் தேவாலயம் வரை போய்விட்டுத் திரும்பினால் 600 மீட்டர் ஏற்றம். சமாரியா கிராமத்தைத் தாண்டிவிட்டால் முன்னால் போவதுதான் சுலபம். மனவருத்தமாக இருக்கும், கண்டிப்பாக. ஆனால் திரும்புகிற முடிவு முதல் ஊற்றில்தான் மலிவு.

நிக்கோலஸ் தேவாலயத்தைச் சுற்றி மிகப் பெரிய சைப்ரஸ் மரங்கள் நிற்கின்றன. நிழல், தண்ணீர், உட்கார இடம் எல்லாம் உண்டு. காலுறையைக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். எங்காவது சிவந்து சூடாக இருந்தால் அது இன்னும் ஒரு மணி நேரத்தில் கொப்புளம். இப்போதே பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள்.

அதன் பிறகு பாதை ஆற்றோடு சேரும். கரையிலும் வறண்ட படுகையிலும் மாறி மாறி நடக்க வேண்டும், சில இடங்களில் கல்லிலோ பலகையிலோ கால்வைத்து ஆற்றைக் கடக்க வேண்டும். வெளிறிய, காய்ந்த கல்லில் மட்டும் கால் வையுங்கள். கறுத்து ஈரமாக இருப்பது பாசி. தாவக் கூடாது. கம்பை ஊன்றி, கல் ஆடுகிறதா என்று முன்காலால் அழுத்திப் பார்த்து, பிறகு எடையை மாற்றுங்கள். ஆற்றில் குளிக்க அனுமதி இல்லை, பாதத்தை நனைத்தாலும் காவலர்கள் விசில் ஊதுவார்கள். நெருப்பு மூட்டுவது, கூடாரம் போடுவது, செடி பறிப்பது, கல் பொறுக்குவது, நாய் கூட்டி வருவது எல்லாவற்றுக்கும் தடை.

கிராமம் 7ஆவது கிலோமீட்டரில். மேசை, கழிப்பறை, தண்ணீர் எல்லாம் இருக்கும், கூட்டமும் இருக்கும். கிரி-கிரி எனப்படும் கிரீட் காட்டாடுகள் இங்கே மனிதரைக் கண்டு ஒதுங்குவதில்லை. பழுப்பு உடம்பு, பின்னால் வளைந்த கொம்பு, சாப்பாட்டுப் பொட்டலத்தின் மேலேயே கண்ணாக நிற்கும். கொடுக்காதீர்கள். அருகிலுள்ள எகிப்தின் புனித மரியாள் தேவாலயம் 1379ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கிரேக்கத்தில் ‘ஓசியா மரியா’. அதுவே மருவி சமாரியா ஆயிற்று.

கிராமத்துக்குப் பிறகு சுவர்கள் நெருங்கி வரும். சில இடங்களில் கல் விழும் பகுதி, நிற்காமல் நடக்கவும் என்று பலகை வைத்திருப்பார்கள். அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கள். மழைக்கு அடுத்த நாளும், காற்று பலமாக அடிக்கும்போதும், மேலே ஆடுகள் மேயும்போதும் கல் உருளும். கைப்பிடி அளவுக் கல்கூட நூறு மீட்டரிலிருந்து வந்தால் உயிரை எடுக்கும். நிழல் நன்றாக இருக்கிறதே என்று அந்தச் சுவரடியில் உட்கார்ந்துவிடக் கூடாது. மேலே மலையில் மழை பெய்தால் கீழே குறுகலில் நீர் சட்டென்று உயரும் என்பதால், ஆற்று நீர் கலங்குவதையோ இரைச்சல் கூடுவதையோ கண்டால் படுகையை விட்டு மேட்டுக்குப் போய் அருகிலுள்ள காவலரிடம் சொல்லுங்கள்.

குறுகலுக்கு முன்னாலுள்ள கடைசி ஓய்விடத்தில் இரண்டு பாட்டில்களையும் நிரப்பிக்கொள்ளுங்கள். அதன் பிறகு கீழ் வாசல் வரை தண்ணீரை நம்ப வேண்டாம்.

இரும்பு வாசல் என்ற இடத்தில் சுவர்கள் 3, 4 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன, உயரம் சுமார் 300 மீட்டர். மரப்பாலம் போல அடுக்கிய கட்டைகளின் மேல் நடந்து, இரண்டு கையையும் விரித்தால் சுவரைத் தொட்டுவிடலாம் போலத் தோன்றும். தொட முடியாது, ஆனால் எல்லோரும் முயல்வார்கள். கல்லின் வரிகள் சாய்ந்தும் மடிந்தும் கிடக்கும், பக்கத்தில் நின்று பாருங்கள். குறுகலான இடத்தில் கூட்டம் நெரிக்கும்போது மட்டும் நகர்ந்துவிடுங்கள்.

ஏதாவது ஆகிவிட்டால்

கைபேசிக்குப் பெரும்பாலான இடங்களில் சிக்னல் கிடைக்காது. கிடைத்தால் அவசர எண் 112. கிடைக்காவிட்டால், அடிபட்டவரோடு ஒருவர் இருந்துகொண்டு, கீழே போகிறவரிடம் அடுத்த ஓய்விடத்துக் காவலருக்குச் செய்தி சொல்லி அனுப்புங்கள். நடக்க முடியாதவர்களைக் கோவேறு கழுதையில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பிசகிய கணுக்காலுக்கு ஷூவைக் கழற்றாமல், நாடாவை மட்டும் தளர்த்தி, மேலேயே பேண்டேஜ் சுற்றுங்கள். கழற்றினால் வீங்கி, மறுபடி உள்ளே போகாது.

வெயிலில் தலைசுற்றி, வியர்த்துக் கொட்டினால் நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பேச்சுக் குழறினாலோ, ஆள் தெளிவில்லாமல் இருந்தாலோ அது வெப்பத் தாக்கு. வியர்க்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறிக்கொண்டே உதவிக்கு ஆள் அனுப்புங்கள். அந்த நிலையில் வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள்.

சின்னக் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் வருபவர்கள் முழு நடையையும் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. காலைப் படகில் அகியா ரூமேலி வந்து, கீழ் வாசல் வழியாக இரும்பு வாசல் வரை நடந்து திரும்பலாம். போக 5, வர 5 கிலோமீட்டர், பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. இந்த மலையிடுக்கின் மிகச் சிறந்த காட்சி அதிலேயே கிடைத்துவிடும்.

அகியா ரூமேலி

கடலைப் பார்த்ததும் எல்லோருக்கும் தண்ணீரில் இறங்கத் தோன்றும். முதலில் படகுச் சீட்டு வாங்குங்கள், பிறகு கடல். கடற்கரை முழுக்கக் கருங்கூழாங்கல். பிற்பகலில் தோசைக்கல் மாதிரி சுடும், அதற்குத்தான் அந்த ரப்பர் செருப்பு. குளிர்ந்த நீரில் தொடை வரை பத்து நிமிடம் நின்றால் கால் சற்று லேசாகும். உட்கார்ந்தே இருந்தால் விறைத்துவிடும், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கொஞ்சம் நடங்கள்.

படகுத்துறையில் இரண்டு ஊர்ப் படகுகளும் அடுத்தடுத்து வந்து நிற்பதுண்டு. ஏறும் முன் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஹோரா ஸ்ஃபாக்கியோனில் இறங்கியதும் கடையில் நிற்காமல் நேராகப் பேருந்துக்குப் போங்கள், பல வண்டிகள் நின்றாலும் கூட்டமும் பெரிது. சானியாவுக்கு மலை வளைவுகளில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வளைவில் வாந்தி வருகிறவர்கள் படகிலேயே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், முன்சீட்டில் உட்காருங்கள்.

தொடைவலி மறுநாளைவிட அதற்கடுத்த நாள்தான் உச்சம். தங்கும் அறையைச் சானியாவின் பழைய நகரத்தில், செங்குத்தான மரப்படி ஏறுகிற மூன்றாம் மாடியில் எடுத்துவிடாதீர்கள். தரைத்தளத்தில் கேட்டு வாங்குங்கள்.